நின்றவரும் நிறுத்தப்பட்டவரும்: கல்வி இடைநிற்றலின் வரலாறு



பள்ளியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசி வகுப்புவரை இருந்தனர், கல்லூரியில் நுழைந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்று வெளியேறினர் என்னும் கணக்கே இவ்வுரையின் பொருள். மொழியியலில் காலம் கழித்த ஒருவருக்கு இக்கணக்கில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எதையும் எண்ணுவதற்கு முன்னர் அதற்குப் பெயரிட வேண்டும். பெயரிட்டவுடனேயே கணக்கில் பாதி முடிவாகிவிடுகிறது. ஆகவே சொல்லிலிருந்து தொடங்குவோம்.

ஆண்டின் தொடக்கத்தில் உறவினர் ஒருவரைக் கண்டால், "பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாயிற்றா?" என்று கேட்கிறோம். 'பிள்ளை சேர்ந்தாயிற்றா' என்று கேட்பவர் அரியர். சேர்ப்பவர் பெற்றோர், சேர்க்கப்படுவது பிள்ளை. அதே பிள்ளை ஏழெட்டு ஆண்டு கழித்துப் பள்ளிக்குச் செல்லாமல் இருந்தால், "அவன் படிப்பை நிறுத்திவிட்டான்", "ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டான்" என்கிறோம். உள்ளே நுழைகையில் வினைமுதல் பெரியவர். வெளியே வருகையில் வினைமுதல் பிள்ளை. 'இடைநிற்றல்' என்று கல்வித்துறை இன்று வழங்கும் கலைச்சொல்லும் இவ்வழக்கையே பின்பற்றுகிறது.

தமிழ் இலக்கணம் தன்வினை, பிறவினை என்று இரண்டாகப் பகுத்ததை மாணவர்கள் அறிவீர்கள். சேர்ந்தான், சேர்த்தான், நின்றான், நிறுத்தினான், தேறினான், தேற்றினான். ஓர் ஒற்றின் வேறுபாட்டில் பொறுப்பு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாறும் இவ்வமைப்பு நம் மொழியின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று. பேராசிரியர் கு. பரமசிவம் இவற்றை இயங்குவினை, இயக்குவினை எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வேட்டின் ஆண்டு 1979. அதே ஆண்டில் சிங்கப்பூரில் வெளிவந்த வேறோர் அறிக்கையைப் பற்றிப் பின்னர்ப் பேசவிருக்கிறோம். இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் நம் மனத்தில் அவை அடுத்தடுத்து அமர்ந்துவிட்டன.

மலாய் மொழியில் இதே கருத்தைக் குறிக்கும் சொல் 'கெசிசிரான்' என்பது. 'சிசிர்' என்பது அதன் அடி. கொண்டுசெல்லும் பொருள் வழியில் சிந்திச் சிதறுவதை அது குறிக்கும். 'தெர்சிசிர்' என்றால் அறியாமலே நழுவி விழுந்தது என்று பொருள். ஓட்டைச் சாக்கில் அரிசியைத் தூக்கிச் செல்பவனை எண்ணிப் பாருங்கள். வழியெல்லாம் மணிகள் உதிர்கின்றன. அங்கே அரிசியை யாரும் குறை சொல்வதில்லை. சாக்கையும் சுமந்தவனையுமே பார்க்கிறோம். மலேசியாவில் 1973-ஆம் ஆண்டு வெளிவந்த கல்வி ஆய்வறிக்கை இச்சொல்லையே தலைப்பில் தாங்கி, பள்ளியை விட்டு நீங்கும் பிள்ளைகளுக்கும் குடும்ப வறுமைக்கும் நாட்டுப்புற வாழ்வுக்கும் உள்ள நெருக்கத்தை எடுத்துக்காட்டியது. சொல் சரியாக அமைந்ததால்தான் ஆய்வு சரியான இடத்தைத் தேடியது என்று சொல்ல வரவில்லை. எனினும் அச்சொல் ஆய்வுக்கு இடையூறாக இருக்கவில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். சிங்கப்பூரும் மலாயாவும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்த காலத்தில், தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பயின்ற இடம் தோட்டப்பள்ளி. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பள்ளிவயதுப் பிள்ளைகள் வாழும் தோட்டத்தில் நிர்வாகமே பள்ளி நடத்தவேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டத்தை நிறைவேற்றுவதற்குச் சில தோட்டங்களில் ஆயாக் கொட்டகையின் ஒரு மூலை போதுமானதாயிற்று. கங்காணியோ கிராணியோ மாலையில் ஆசிரியராக மாறினார். காலையில் பிள்ளைகள் பெற்றோருடன் பால்மரக் காட்டில் மங்கு துடைத்துக்கொண்டிருந்தனர். பாடம் நான்காம் வகுப்புவரை, பின்னாளில் ஆறாம் வகுப்புவரை.

இப்பள்ளிகளின் 'முடித்தோர் விகிதம்' என்று ஒன்றைக் கணக்கிடப் புகுந்தால் விந்தையான விடை கிடைக்கும். கடைசி வகுப்புவரை வந்த பிள்ளை படிப்பை முடித்த பிள்ளைதான். ஏனெனில் அதற்குமேல் வகுப்பே இல்லை. விடுதலை பெற்ற 1957-இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவற்றுக்கு மேலே தமிழ்வழியில் ஓர் உயர்நிலைக் கல்வி ஏணி அமையவில்லை. ஆறு படி உள்ள ஏணியில் ஆறாம் படியில் நிற்பவனை 'உச்சிக்குப் போய்விட்டான்' என்றும் சொல்லலாம், 'பாதியில் நிற்கிறான்' என்றும் சொல்லலாம். எந்த ஏணியை அளவாகக் கொள்கிறோம் என்பதே வினா.

பின்னர் மலேசியாவில் தேசிய இடைநிலைப்பள்ளியின் வாயில் திறந்தது. ஆனால் தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் வந்தவர்கள் முதலாம் படிவத்திற்கு முன் ஓராண்டு மொழிப் பயிற்சி பெறவேண்டியிருந்தது. அதற்குப் புகுமுக வகுப்பு என்று பெயர். மொழியியல் நோக்கில் அதன் காரணம் விளங்குகிறது: பயிற்றுமொழி மாறும்போது பிள்ளைக்கு அவகாசம் வேண்டும். தோட்டத்து வீட்டின் நோக்கில் அது பன்னிரண்டு வயதுப் பிள்ளை வெளிக்காட்டு வேலைக்குப் போகாமல் கழிக்கும் இன்னோர் ஆண்டு. பேருந்துக் கட்டணம், சீருடை, புத்தகம் எல்லாம் சேர்ந்த ஆண்டு. உடன் பயின்ற மலாய்ப்பள்ளி மாணவன் அவ்வாண்டை இழக்கவில்லை. புகுமுகம் என்னும் பெயருடைய அவ்வகுப்பு பலருக்கு வெளிமுகமாகவே முடிந்தது.

ஆங்கிலத்திலோ இக்கருத்துக்கு நெடுங்காலம் வழங்கிய சொல் 'விரயம்' என்னும் பொருளுடையது. பிரிட்டிஷ் இந்தியாவில் சர் ஃபிலிப் ஹார்டாக் தலைமையிலான குழு 1929-இல் அளித்த அறிக்கை 'விரயம்', 'தேக்கம்' என்னும் இரு சொற்களைக் கல்வி ஆட்சியாளர்களின் நாவில் நிலைபெறச் செய்தது. தொடக்கக் கல்வியை முடிக்கும் முன் பிள்ளை பள்ளியை விட்டு நீங்குவது விரயம்; ஒரே வகுப்பில் ஓராண்டுக்கு மேல் இருப்பது தேக்கம். 1922–23-இல் முதல் வகுப்பில் இருந்த ஒவ்வொரு நூறு பேருக்கும் 1925–26-இல் நான்காம் வகுப்பில் இருந்தவர்கள் 18 பேர் மட்டுமே என்று அது கணக்கிட்டது. நீரையும் பணத்தையும் பற்றிப் பேசும் சொற்கள் இவை. விரயமாவது யார் பணம்? அரசாங்கத்தின் பணம். நூறில் எஞ்சிய 82 பிள்ளைகள் அச்சொல்லில் ஒரு செலவினமாகத் தோன்றுகின்றனர்.

அச்சொல் ஐம்பது ஆண்டு கழித்துச் சிங்கப்பூரில் மீண்டும் ஒலித்தது. துணைப் பிரதமராக இருந்த டாக்டர் கோ கெங் சுவீ தலைமையில் அமைந்த ஆய்வுக் குழு, 1979-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கல்வி அமைச்சைப் பற்றிய தன் அறிக்கையை அளித்தது. குழுவினரில் பெரும்பாலோர் அமைப்புமுறைப் பொறியாளர்கள். ஆலையின் ஒரு முனையில் மூலப்பொருள் நுழைகிறது, மறுமுனையில் ஆக்கப்பொருள் வருகிறது, நடுவில் எங்கே கசிகிறது என்று பார்க்கப் பழகியவர்கள். தொடக்கநிலையில் 29 விழுக்காடு, உயர்நிலையில் 36 விழுக்காடு கல்வி விரயம் என்று அவர்கள் கண்டனர். எழுத்தறிவுக் குறைவும் பயன்தராத இருமொழிக் கல்வியும் அவர்கள் சுட்டிய மற்றக் குறைகள்.

பொறியாளர்கள் கல்வியை ஆராய்ந்ததை அக்காலத்தில் பலர் எள்ளினர். நாமும் அப்போது பல்கலைக்கழக மாணவருக்கே உரிய துணிவுடன் அவ்வாறு பேசியதுண்டு. இன்று அவ்வறிக்கையைப் படிக்கும்போது, அதன் மிகக் கூரிய கண்டுபிடிப்பு மொழியியல் சார்ந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கிறது. ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் பயிற்றுவிக்கப்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் வீட்டில் அவ்விரண்டில் எதையும் பேசவில்லை என்று அது கூறியது. பிள்ளைகள் மந்தமானவர்கள் அல்லர். இரண்டு அயல்மொழிகளின் வழியே கணக்கையும் அறிவியலையும் கற்குமாறு கேட்கப்பட்டவர்கள். தமிழ் வகுப்பறையிலும் இதற்கு இணையான நிலை இருந்தது. வீட்டில் மலையாளமோ தெலுங்கோ பேசிய பிள்ளைகள் தமிழை இரண்டாம் மொழியாக எடுத்தனர். தமிழே பேசிய பிள்ளைகளுக்கும் பாடநூலின் எழுத்துத்தமிழ் வேறொரு மொழிபோலவே இருந்தது. இரட்டை வழக்கு என்று நாம் வகுப்பில் விளக்கும் செய்தி, ஏழு வயதுப் பிள்ளைக்கு அன்றாட அனுபவம்.

அறிக்கைக்குப் பின் வந்த புதிய கல்வி முறை, மூன்றாம் வகுப்பிற்குப் பின் பிள்ளைகளைப் பிரித்தது. சிலர் ஆறு ஆண்டில் இருமொழியும் பயில்வர். சிலர் அதையே எட்டு ஆண்டில் பயில்வர். மூன்றாம் பிரிவினர் எட்டு ஆண்டில் ஒருமொழியை மட்டும் பயில்வர். உயர்நிலையில் சிறப்புநிலை, விரைவுநிலை, வழக்கநிலை என்னும் பிரிவுகள் வந்தன. விரயம் குறைந்தது. இதை மறுப்பவர் வரலாற்றை மறுப்பவர். ஓட்டத்தில் பின்தங்கியவனுக்குக் கூடுதல் காலம் கொடுத்தால் அவனும் எல்லைக்கோட்டை அடைவான் என்னும் எளிய உண்மையை அம்முறை ஏற்றுக்கொண்டது.

ஆனால் ஒருமொழிப் பிரிவில் தங்கவைக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளையைப் பற்றி நம் துறையினர் போதிய அளவு பேசவில்லை. அப்பிரிவின் மொழி ஆங்கிலம். தாய்மொழி வாய்மொழி அளவில் நின்றது. அதாவது அப்பிள்ளை பள்ளியில் நீடிப்பதற்குத் தமிழ் எழுத்தைக் கொடுத்துவிட்டுச் செல்லவேண்டியிருந்தது. தக்கவைப்புக் கணக்கில் அவன் வெற்றி. நம் கணக்கில் அவன் என்ன? நம்மிடம் அப்படி ஒரு கணக்கே இல்லை. தமிழ்க் கல்வியின் வரலாற்றை எழுதும்போது, சிங்கப்பூரின் ஒரே தமிழ்வழி உயர்நிலைப்பள்ளியாக விளங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982-இல் மூடப்பட்டதை உருக்கத்துடன் குறிப்பிடுகிறோம். மூடப்பட்ட கட்டடம் கண்ணுக்குத் தெரிகிறது. வழக்கமான ஒரு பள்ளியின் கடைசி வகுப்பறையில் அமர்ந்து, தன் பெயரைத் தமிழில் எழுதக் கற்காமலே வளர்ந்த பிள்ளை கண்ணுக்குத் தெரியவில்லை.

கணக்கில் தெரிவதும் தெரியாததும் கல்லூரி நிலையில் இன்னும் கூர்மையாக வெளிப்படும். அமெரிக்காவில் 1990-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், கல்லூரிகள் தங்கள் பட்டம்பெறு விகிதத்தை வெளியிட வேண்டும் என்று ஆணையிட்டது. முதன்முறையாகவும் முழுநேரமாகவும் சேர்ந்தவர்களை ஒரு கூட்டமாகக் கொண்டு, நான்காண்டுப் படிப்பை ஆறு ஆண்டுக்குள் முடித்தவர்களை எண்ணுவது அதன் முறை. இரண்டாம் ஆண்டில் வேறு கல்லூரிக்கு மாறி அங்கே சிறப்பாகப் பட்டம் பெற்றவர், தொடங்கிய கல்லூரியின் கணக்கில் முடிக்காதவரே. பகல் முழுவதும் வேலை செய்து பகுதிநேரமாகச் சேர்ந்தவர் அவ்விகிதத்தில் இடம்பெறவே இல்லை. ஆக, ஒரு கல்லூரியின் விகிதத்தை உயர்த்துவதற்கு நன்றாகக் கற்பிப்பது ஒரு வழி. யாரைச் சேர்ப்பது என்று பார்த்துச் சேர்ப்பது அதைவிட எளிய வழி. மாணவர்களே, நாளை எந்த நிறுவனமாவது உங்களிடம் 95 விழுக்காடு என்று பெருமையுடன் சொன்னால், எத்தனை பேரில் என்று கேளுங்கள். கீழ் எண்ணைக் கேட்பவரை எவரும் விரும்பமாட்டார், ஆனாலும் கேளுங்கள்.

சிங்கப்பூர் இந்தியர்களின் கல்விநிலையை ஆராயச் சமூகத்திலிருந்தே ஒரு நடவடிக்கைக் குழு அமைந்து, 1991-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. அதே ஆண்டில் சிண்டா தோன்றியது. அக்கால விவாதங்களை நினைவுகூரும் ஆசிரியர்கள் இவ்வவையில் இருக்கக்கூடும். 'நம் பிள்ளைகள் ஏன் பின்தங்குகிறார்கள்' என்னும் வினா மேடைக்கு மேடை எழுந்தது. வினையை உற்றுநோக்குங்கள்: பின்தங்குகிறார்கள். மீண்டும் தன்வினை. எனினும் மேடையில் பேசியதோடு அமையாமல் மாலையில் துணைப்பாட வகுப்பு நடத்தியவர்களும் அவர்களே. வினைவடிவில் செய்த பிழையை வினையால் திருத்திக்கொண்டார்கள் என்றே நாம் கருதுகிறோம்.

பிறகு நிகழ்ந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். தொழில்நுட்பக் கல்விக் கழகம் 1992-இல் உருவாயிற்று. கட்டாயக் கல்விச் சட்டம் 2000-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கநிலைப் பிரிவுகள் முதலில் தளர்ந்து பின்னர் நீங்கின. 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்னும் பெயர்களும் இல்லை. உயர்நிலைக் கல்வியை முடிக்காமல் பள்ளியை விட்டு நீங்குவோர் இன்று ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த இம்மாற்றத்திற்கு உலகில் ஒப்புமைகள் மிகுதியாக இல்லை.

அந்த 1979-ஆம் ஆண்டு அறிக்கையின் எண்களுக்குள் நம் வகுப்பும் இருக்கிறது. நாம் செம்பவாங்கில், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தை அடுத்த பகுதியில் வளர்ந்தோம். 1971-இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதினோம். தளத்தைச் சார்ந்தே அங்குள்ள தமிழரும் மலையாளிகளும் வாழ்ந்தனர். பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் என்ற அறிவிப்பு 1968-இல் வந்தது. அப்போது நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அப்படைகளின் செலவினத்திலிருந்து வந்ததாகச் சொல்வர். வேலை இழந்தவர்களில் குடியுரிமை இல்லாதோர் புது வேலைக்கு அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியிருந்தது. ஆறாம் வகுப்பு முடிவதற்குள் நம் வகுப்பிலிருந்து சிலர் கப்பலேறி, தாங்கள் ஒருமுறைகூடப் பார்த்திராத 'ஊருக்கு'ச் சென்றனர். மேலும் சிலர் தேர்வெழுதியபின் பள்ளிப் பக்கம் வரவில்லை.

அவர்களுள் ஒருவரைப் பல ஆண்டு கழித்து ஒரு திருமணத்தில் சந்தித்தோம். பன்னிரண்டு வயதில் கடையொன்றில் பொட்டலம் கட்டத் தொடங்கி, பின்னர்க் கப்பல் பட்டறையில் பற்றவைப்பாளராகத் தேர்ந்தவர். "நான் ஆறாப்போட நின்னுட்டேன். நீங்கதான் படிச்சிட்டீங்க" என்றார். நாம் தன்வினை, பிறவினை எல்லாம் பேசவில்லை. அந்த ஆண்டு வீட்டில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டோம். தந்தைக்குத் தளத்தில் வேலை போனது, மூத்தவர் இவர், கீழே நான்கு பேர். உயர்நிலைப்பள்ளிக்கு வந்த கடிதத்தைத் தாயார் பெட்டியில் வைத்துப் பூட்டியதைச் சொன்னார். கோபம் ஏதுமின்றிச் சொன்னார். பிறகும், "அதனால நின்னுட்டேன்" என்றே முடித்தார்.

தொழிலாளர்களுக்கு அடிப்படை ஆங்கிலமும் கணக்கும் கற்பிப்பதற்காக 1983-இல் 'பெஸ்ட்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டதைப் பலரும் மறந்திருக்கலாம். தொடக்கப்பள்ளியை முடிக்காதவர்களும் முடித்து நின்றவர்களும் வேலை முடிந்தபின் அவ்வகுப்புகளில் அமர்ந்தனர். நம் நண்பரும் சென்றிருக்கிறார். பட்டறையிலிருந்து நேரே வந்து, கைக்கறை போகாத விரல்களால் பென்சில் பிடித்ததைச் சிரித்துக்கொண்டே விவரித்தார். கணக்கில் முழு மதிப்பெண் பெற்றாராம். ஆங்கிலத்திற்கு இரண்டு முறை எழுதவேண்டியிருந்ததாம்.

1971-ஆம் ஆண்டுக் கூட்டத்தின் கணக்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அதில் அவர் இன்றும் விரயத்தின் பக்கத்திலேயே இருக்கிறார். சான்றிதழ் எங்கே என்று கேட்டோம். வீட்டு வரவேற்பறையில், மகளின் பட்டமளிப்புப் படத்திற்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதாகச் சொன்னார்.